பதினாறு சிலிண்டர் எஞ்சின்

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. இயந்திரங்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலும் வெற்றி பெற்றவையே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினை அறியாத மாணவர் இல்லை. ரைட் சகோதரர்களின் விமானத்தை அறியாதவரும் இல்லை. தோற்றுப்போன இயந்திரங்களைப் பற்றி விசாரிப்பவரோ மிகச் சிலர். ஆனால் வெற்றி பெற்ற இயந்திரத்தில் ஒவ்வோர் உறுப்பும் தன் வேலையை அமைதியாகச் செய்துகொண்டிருக்கும். அது ஏன் அவ்வாறு அமைந்தது என்று கேட்கவே நமக்குத் தோன்றாது. தோற்ற இயந்திரம் அந்தக் கேள்வியைத் தானே எழுப்பிவிடும்.

அத்தகைய ஓர் எஞ்சினைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் இங்கிலாந்தில் உருவான பந்தயக் கார் ஒன்றில் அது பொருத்தப்பட்டிருந்தது. அந்தக் காரின் பெயர் பி.ஆர்.எம். அதன் எஞ்சினில் 16 சிலிண்டர்கள் இருந்தன. நுட்பத்தில் அதற்கு நிகரான பந்தய எஞ்சின்கள் அந்நாளில் மிகச் சிலவே. ஆனால் ஒரு நாட்டு மக்கள் அவ்வளவு நம்பிக்கை வைத்து, அவ்வளவு ஏமாந்த பந்தயக் காரும் வேறொன்று இருந்திராது.

கதைக்குள் நுழையுமுன் பந்தய விதி ஒன்றைத் தெரிந்துகொள்ளுதல் நலம். நான் ஆலங்குடிக்காரன். புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் கோயில் திருவிழாக்களையொட்டி மாட்டு வண்டி எல்லைப் பந்தயம் நடைபெறுவதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். அங்கே எல்லா மாடுகளையும் ஒன்றாக ஓடவிடுவதில்லை. பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று வகை பிரிப்பார்கள். வகைக்கு ஏற்பத் தொலைவையும் வகுப்பார்கள். வலிமையில் ஏறக்குறைய ஒத்தவை தம்முள் போட்டியிட்டால்தான் பந்தயம் பந்தயமாக இருக்கும். கார்ப் பந்தயத்திலும் இதே நியாயந்தான். அங்கே வகுக்கப்படும் பிரிவுக்கு ஃபார்முலா என்று பெயர்.

போருக்குப் பின் வகுக்கப்பட்ட முதன்மைப் பிரிவின் விதி இது: எஞ்சினின் கொள்ளளவு 4.5 லிட்டருக்கு மேற்படலாகாது. சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினாயின் 1.5 லிட்டருக்கு மேற்படலாகாது. கொள்ளளவு என்பது பிஸ்டன்கள் மேலிருந்து கீழே இறங்கும்போது சிலிண்டர்களுக்குள் விடுபடும் இடத்தின் மொத்த அளவு. சூப்பர்சார்ஜர் என்பது வெளிக்காற்றை முன்கூட்டியே அமுக்கி, அந்தச் சிறிய இடத்திற்குள் அதிகக் காற்றைத் திணிக்கும் கருவி. காற்று அதிகமானால் அதனுடன் கலந்து எரியும் எரிபொருளையும் அதிகமாக்கலாம். அதனால் ஆற்றல் பெருகும். ஆகவே, பெரிய எஞ்சினைச் சாதாரணமாக ஓட்டலாம், அல்லது மூன்றிலொரு பங்கு அளவுள்ள சிறிய எஞ்சினுக்குக் காற்றைத் திணித்து ஓட்டலாம் என்ற இரு வழிகளை விதி திறந்துவைத்தது. நம் கதையின் போக்கை முடிவு செய்தது இந்த இரு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொண்ட முறையே.

ரேமண்ட் மேஸ் என்பவர் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள பூர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பந்தயக் கார் ஓட்டுவதில் பெயர் பெற்றவர். 1930களில் நண்பர்களுடன் சேர்ந்து இ.ஆர்.ஏ. என்ற பந்தயக் கார்களை உருவாக்கிச் சிறிய வகைப் போட்டிகளில் வெற்றிகளும் கண்டவர். ஆனால் அப்போது பெரிய போட்டிகளில் வெற்றி கொண்டவை ஜெர்மனியின் மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் ஆகிய நிறுவனங்களின் கார்கள். அவற்றிற்குப் பின்னால் ஜெர்மானிய அரசின் பொருளுதவி இருந்தது. தனி மனிதரின் கைப்பொருளை நம்பி அவற்றை எதிர்க்க இயலாது என்பதை மேஸ் நேரில் கண்டார்.

1945இல், போர் முடியும் தறுவாயில், அவர் தம் நாட்டுத் தொழில் நிறுவனங்களுக்குக் கடிதங்கள் எழுதினார். பிரிட்டனின் பொறியியல் திறமையை உலகுக்கு எடுத்துக்காட்ட ஒரு பந்தயக் கார் வேண்டும். அதை எல்லா நிறுவனங்களும் கூடி உருவாக்க வேண்டும். பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ ஒவ்வொருவரும் இயன்றதைத் தரவேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இசைந்தன. திட்டத்தை நடத்த ஓர் அறக்கட்டளையும் 1947இல் அமைந்தது. பொதுமக்களும் சங்கமாகச் சேர்ந்து சந்தா செலுத்தினர். உணவுக்குப் பங்கீட்டு அட்டையை நம்பியிருந்த காலம் அது. அவர்கள் கொடுத்த ஒவ்வொரு காசும் அருமையான காசு. இதனை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் பின்னால் எழுந்த சினத்தின் அளவு, முன்னால் வைத்த நம்பிக்கையின் அளவே.

எஞ்சினை வகுத்தவர் மேஸின் பழைய தோழர் பீட்டர் பெர்த்தன். ஹாரி மண்டி, எரிக் ரிக்டர் முதலியோர் அவருக்குத் துணைநின்றனர். மேஸின் இல்லத்தை அடுத்திருந்த பழைய கட்டடமே அவர்களுடைய தொழிற்கூடம். அங்கிருந்துதான் உலகை வெல்லும் எஞ்சின் ஒன்றை அவர்கள் வரைந்தார்கள்.

அவர்கள் மேற்கொண்ட கணக்கு எளிமையானது. ஓர் எஞ்சினின் ஆற்றல், அது ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்றை உட்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. கொள்ளளவை விதி கட்டிவிட்டது. எஞ்சியிருப்பவை இரண்டு: காற்றின் அழுத்தத்தை உயர்த்தலாம்; எஞ்சின் சுழலும் வேகத்தை உயர்த்தலாம். பெர்த்தன் இரண்டையும் ஒருங்கே உயர்த்தத் துணிந்தார்.

வேகமாகச் சுழலவேண்டுமானால் உள்ளே மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்கள் சிறியனவாகவும் இலேசானவையாகவும் இருக்கவேண்டும். அவை ஓடும் தூரமும் குறைவாக இருக்கவேண்டும். அதற்காக 1.5 லிட்டரை அவர் 16 பங்காகப் பிரித்தார். ஒவ்வொரு சிலிண்டரும் 49.53 மில்லிமீட்டர் விட்டமுடையது. பிஸ்டன் ஓடும் தூரம் 48.26 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 93 கன சென்டிமீட்டராகும். நம் சாலைகளில் ஓடும் சிறிய மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் கூட இதைவிடச் சற்றுப் பெரியது. அத்தகைய 16 சிலிண்டர்கள், எட்டெட்டாக இரு வரிசையில், 135 பாகைக் கோணத்தில் விரிந்து நின்றன. வால்வுகள் 32, அவற்றை இயக்கும் தண்டுகள் நான்கு. நீண்ட முதன்மைத் தண்டு முறுகி நடுங்காதிருக்க, அதன் ஆற்றலை ஒரு முனையிலிருந்து எடுக்காமல், நடுவிலிருந்து பற்சக்கரங்களின் வழியே எடுத்தனர். இரண்டு எட்டுச் சிலிண்டர் எஞ்சின்களை முதுகோடு முதுகாகச் சேர்த்து வைத்தாற்போன்ற அமைப்பு அது. 16 சிலிண்டர் என்பது மட்டும் புதுமையன்று; ஆட்டோ யூனியன் நிறுவனம் 1934இலேயே அவ்வாறு செய்திருந்தது. இவ்வளவு சிறிய கொள்ளளவை இவ்வளவு பங்காக்கியதே துணிச்சல்.

நிமிடத்துக்கு 12,000 சுற்று என்பது குறிக்கோள். எங்கள் ஆலங்குடிப் பகுதியில் கிணற்றுப் பாசனத்துக்கு நீர் இறைக்கும் ஆயில் எஞ்சின்களை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழல்வதே விரைவான வகை. பி.ஆர்.எம். எஞ்சினோ விநாடிக்கு 200 சுற்று சுழலவேண்டும். இரு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் வெடிக்கிறது. ஆகவே 16 சிலிண்டர்களிலும் சேர்ந்து விநாடிக்கு 1,600 வெடிப்புகள். அதனால் எழுந்த ஓலத்தைக் கேட்டவர்கள் வாழ்நாளில் மறக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட கார்களைப் பிற்காலத்தில் விழாக்களில் ஓட்டிக் காட்டியபோதும், மக்கள் காண வந்ததைவிடக் கேட்க வந்ததே அதிகம் எனலாம்.

இனி, காற்றைத் திணிக்கும் கருவிக்கு வருவோம். இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ முதலிய கார்களில் ரூட்ஸ் என்ற வகைச் சூப்பர்சார்ஜர் இருந்தது. அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவான காற்றை அள்ளித் தள்ளும். ஆகையால் எஞ்சின் மெதுவாகச் சுழன்றாலும் ஓரளவு அழுத்தம் கிடைக்கும். பி.ஆர்.எம். அதை விடுத்து வேறொன்றைக் கையாண்டது. போர்க்காலத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் தன் மெர்லின் விமான எஞ்சினுக்காக மையவிலக்குச் சூப்பர்சார்ஜரைச் செம்மைப்படுத்தியிருந்தது. வேகமாகச் சுழலும் ஒரு சக்கரம் காற்றை நடுவில் வாங்கி விளிம்பை நோக்கி வீசும். வீசப்பட்ட காற்று அங்கே அழுத்தமாக மாறும். அத்தகைய இரு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, வளிமண்டலத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தருமாறு ரோல்ஸ்-ராய்ஸ் பி.ஆர்.எம்முக்குச் செய்து கொடுத்தது. எல்லாம் கூடினால் 600 குதிரைத்திறன் வரை கிடைக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்நாளில் வெற்றிமேல் வெற்றி பெற்றுவந்த ஆல்ஃபா ரோமியோவின் ஆற்றல் 1950இல் ஏறக்குறைய 350 குதிரைத்திறனே.

இங்கேதான் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. மையவிலக்குக் கருவி தரும் மிகுதி அழுத்தம், சுழலும் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. வேகம் பாதியானால் அழுத்தம் பாதியாவதில்லை, ஏறக்குறைய காற்பங்காகிவிடும். விமானத்துக்கு இது குறையன்று. வானில் பறக்கும் எஞ்சின் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். பந்தயக் காரோ ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, வளைவு முடிந்ததும் மீண்டும் விரைய வேண்டும். வளைவிலிருந்து வெளிவரும் வேளையில் பி.ஆர்.எம்மின் ஓட்டுநர் மிதியை அழுத்தினால் முதலில் ஆற்றல் போதவில்லை. எஞ்சின் வேகம் ஏற ஏற, திடீரென்று ஆற்றல் பொங்கி எழுந்தது. அந்த வேகத்தில் சக்கரங்கள் தரையைப் பற்ற முடியாமல் வெறுமனே சுழன்றன. சக்கரம் வெறுமனே சுழன்றால் எஞ்சினின் பளு குறையும். பளு குறைந்தால் வேகம் இன்னும் ஏறும். வேகம் ஏறினால் அழுத்தமும் இன்னும் ஏறும். அதனால் சக்கரம் மேலும் சுழலும். ஓட்டுநருக்குக் கிடைத்தது ஆற்றல். கிடைக்காதது அதன்மீது ஆட்சி.

1949 டிசம்பர் 15ஆம் நாள், போக்கிங்கம் என்ற பழைய போர்க்கால விமானத்தளத்தில் பி.ஆர்.எம். கார் பத்திரிகையாளருக்குக் காட்டப்பட்டது. 1950 மே 13ஆம் நாள் சில்வர்ஸ்டோனில், முதலாவது உலகச் சாம்பியன் பட்டப் போட்டித் தொடரின் முதற் பந்தயம் நடந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னரும் வந்திருந்தார். பி.ஆர்.எம். அன்று பந்தயத்தில் கலந்துகொள்ளவில்லை. மேஸ் அதை ஓட்டிக் காட்டினார், அவ்வளவே. சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளந்தான். போர் முடிந்து பயனற்றுக் கிடந்த ஓடுபாதைகள் பல நாடுகளில் பந்தயப் பாதைகளாயின. நம் சென்னைக்கு அருகே சோழவரம் விமானத்தளத்தில் பிற்காலத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்துவந்ததும் அந்த வகையே.

நாட்டு மக்கள் பொறுமை இழக்கலானார்கள். கார் எப்போது போட்டியிடும் என்ற கேள்வி வலுத்தது. 1950 ஆகஸ்டு 26ஆம் நாள் சில்வர்ஸ்டோனில் நடந்த சர்வதேசக் கோப்பைப் பந்தயத்தில் அது களமிறங்கியது. ஓட்ட வந்தவர் ரேமண்ட் சோமர் என்ற பிரெஞ்சு வீரர். கொடி இறங்கியது. மற்றக் கார்கள் பாய்ந்து சென்றன. பி.ஆர்.எம். ஒரு துள்ளு துள்ளி அங்கேயே நின்றுவிட்டது. எஞ்சினிலிருந்து சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு செல்லும் பகுதியில் முறிவு ஏற்பட்டிருந்தது. ஐந்தாண்டு எதிர்பார்ப்பு ஒரு வண்டி நீளத்தைக்கூடக் கடக்கவில்லை. காரைத் தள்ளிக்கொண்டு போகையில் பார்வையாளர் சிலர் ஏளனமாகச் செப்புக் காசுகளை எறிந்தனர் என்று கூறுவதுண்டு.

அடுத்த மாதம் குட்வுட் என்ற இடத்தில் மழையில் நடந்த இரண்டு குறுகிய பந்தயங்களில் ரெக் பார்னெல் இக்காரை ஓட்டி வென்றார். நம்பிக்கை மீண்டும் துளிர்த்தது. ஆனால் அக்டோபர் மாதம் ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் ஓடிய இரு கார்களும் பந்தயத்தை முடிக்கவில்லை.

1951 ஜூலை 14ஆம் நாள் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ பந்தயத்தை நான் இக்கதையின் நடுநாயகமான நிகழ்ச்சியாகக் கருதுகிறேன். பி.ஆர்.எம். கார்கள் இரண்டும் முறையான பயிற்சி ஓட்டமின்றி, கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டன. பார்னெலும் பீட்டர் வாக்கரும் ஓட்டினர். புகைபோக்கிக் குழாய்களின் வெப்பம் ஓட்டுநர் அமரும் இடத்துக்குள் புகுந்து, இருவருடைய கால்களையும் சுட்டுப் புண்ணாக்கியது. புண்ணுக்கு மருந்திட்டுக்கொண்டே அவர்கள் இறுதிவரை ஓட்டினர். 90 சுற்றுப் பந்தயத்தில் பார்னெல் 5 சுற்றுகள் பின்தங்கி ஐந்தாவதாக வந்தார். வாக்கர் 6 சுற்றுகள் பின்தங்கி ஏழாவதாக வந்தார். எஞ்சினின் கதையை எழுதுவோர் ஓட்டுநர்களின் இந்தத் துணிவை ஒரு வரியில் கடந்துவிடலாகாது. வரைபலகையில் நேர்ந்த பிழைக்கான விலையை அன்று கொடுத்தவை அவர்களுடைய கால்கள்.

அதே பந்தயத்தில் வென்றது யார் தெரியுமா? ஃபெராரி கார். அர்ஜென்டினா வீரர் கொன்சாலெஸ் ஓட்டிய அந்தக் கார், உலகப் பட்டப் போட்டியில் ஃபெராரி நிறுவனத்துக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தது. அதன் எஞ்சினில் சூப்பர்சார்ஜரே இல்லை. விதி காட்டிய இரண்டு வழிகளுள் எளிய வழியாகிய 4.5 லிட்டர் எஞ்சினை அவர்கள் தேர்ந்திருந்தனர். அதன் உச்ச ஆற்றல் 400 குதிரைத்திறனுக்கும் குறைவே. ஆனால் எந்த வேகத்தில் மிதித்தாலும் அது இணங்கி இழுத்தது. எரிபொருளும் குறைவாகவே உண்டது. ஆல்ஃபா ரோமியோவின் சிறிய எஞ்சின், சூப்பர்சார்ஜரின் பசியால், ஒரு லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் அளவே ஓடி, எரிபொருள் நிரப்ப நிறுத்த வேண்டியிருந்தது. உச்சத்தில் எவ்வளவு என்ற கேள்விக்கு பி.ஆர்.எம். விடை கண்டது, பந்தயத்தின் எல்லா நேரத்திலும் எவ்வளவு என்ற கேள்விக்கு ஃபெராரி விடை கண்டது.

1951இன் இறுதியில் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் போட்டியிலிருந்து விலகியது. ஃபெராரியை எதிர்க்க எஞ்சியிருந்தது பி.ஆர்.எம். ஒன்றே. 1952 ஏப்ரல் 6ஆம் நாள் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த பந்தயத்துக்கு அது வரும் என்று எதிர்பார்த்தனர், வரவில்லை. மாபெரும் ஓட்டுநரான ஃபாஞ்சியோவைக் கொண்டு காரைச் சோதிப்பதற்காக மேஸ் அதை நாட்டிலேயே நிறுத்திக்கொண்டார். இனி இதை நம்பிப் பந்தயம் நடத்த முடியாது என்று அமைப்பாளர்கள் முடிவு கட்டினர். 1952, 1953 ஆகிய இரண்டாண்டுகளின் உலகப் பட்டப் போட்டிகளை இரண்டு லிட்டர் வகைக் கார்களுக்கு மாற்றிவிட்டனர். ஒரு கார் ஓடித் தோற்பது உண்டு. ஓடாமலே தன் போட்டி வகையையே அது இழந்தது இங்கேதான்.

பிறகு அந்த எஞ்சின் சிறிய போட்டிகளில் ஓடியது. 1953இல் பிரான்ஸ் நாட்டு ஆல்பி நகரப் பந்தயத்தின் முதற்கட்ட ஓட்டத்தில் ஃபாஞ்சியோ ஓட்டி, 4.5 லிட்டர் ஃபெராரியை வென்றார். அன்று எல்லா உறுப்புகளும் ஒத்துழைத்தன; எஞ்சின் எத்தகையது என்பதை உலகம் கண்டது. இறுதி ஓட்டத்திலோ அந்த ஆற்றலைத் தாங்கமாட்டாமல் டயர்கள் பிய்ந்தன. கொன்சாலெஸ் இரண்டாவதாக வந்ததே கிடைத்த பலன்.

இது ஏன் தோற்றது? அறிவுக் குறைவால் அன்று. அதில் உழைத்தவர்கள் அந்நாட்டின் தலைசிறந்த பொறியியலாளர்களுள் வைத்து எண்ணத்தக்கவர்கள். என் கருத்தில் காரணங்கள் மூன்று.

முதலாவது, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் புதிதாகச் செய்தனர். எஞ்சின் புதிது, சூப்பர்சார்ஜர் புதிது, சக்கரங்களைத் தாங்க வழக்கமான வில்லுக்குப் பதிலாக அமைந்த காற்றுத் தூண்களும் புதியவை. ஒன்று பழுதானால் காரணம் எது என்று பிரித்தறிய வழியில்லை. ஒன்றைச் சீராக்குமுன் மற்றொன்று உடையும். சிலிண்டர்களுக்குள் நீர் கசிவதை நிறுத்துவதற்கே நெடுங்காலம் பிடித்தது. பரிசோதனைச் சாலையில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்று உங்கள் ஆசிரியர் சொல்வது வெறும் ஒழுங்குக்காக அன்று என்பதை இங்கே காணலாம்.

இரண்டாவது, உதவியாக வந்த பொருளுக்குக் கெடு வைக்க முடியாது. நூறு நிறுவனங்கள் தத்தம் சொந்த வேலைக்கிடையே ஓய்வு கிடைத்தபோது செய்துதந்த உறுப்புகளால் ஆன கார் அது. தாமதமானால் கடிந்துகொள்ள உரிமையில்லை. பிழையிருந்தால் திருப்பியனுப்பக் காலமில்லை. எல்லாருக்கும் சொந்தமான அந்தக் காருக்குப் பொறுப்பாளி என்று ஒருவர் இல்லை.

மூன்றாவது, பறை முழக்கம் பயணத்துக்கு முந்தியது. பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. சோதனைச் சாலையில் இன்னும் ஓராண்டு இருந்திருக்க வேண்டிய காரை, வாக்குக் கொடுத்துவிட்ட காரணத்தால் களத்துக்கு இழுத்து வந்தனர். நாட்டின் மானம் என்ற பளுவை அதன்மேல் ஏற்றினர். அந்தப் பளுவைத் தாங்கும் எஞ்சினை யாரும் இன்னும் வரைந்ததில்லை.

1952இன் இறுதியில் அறக்கட்டளை திட்டத்தைக் கைவிட்டது. தொடக்கம் முதல் உதவிவந்த தொழிலதிபர் ஆல்ஃபிரெட் ஓவன் அதை விலைக்கு வாங்கினார். பொறுப்பாளி ஒருவர் கிடைத்தார். 16 சிலிண்டருக்குப் பின் பி.ஆர்.எம். செய்த எஞ்சினில் எத்தனை சிலிண்டர்கள் தெரியுமா? நான்கு. சூப்பர்சார்ஜர் இல்லை. அந்தக் காரில்தான் 1959இல், நெதர்லாந்தின் சான்ட்வோர்ட் பந்தயத்தில், ஸ்வீடன் நாட்டு ஜோ போனியர் பி.ஆர்.எம்முக்கு உலகப் பட்டப் போட்டியின் முதல் வெற்றியை ஈட்டினார். 1962இல், இவ்வாண்டும் வெற்றி இல்லையேல் மூடிவிடுவேன் என்று ஓவன் எச்சரித்தார். தலைமைப் பொறியியலாளராக இருந்தவர் டோனி ரட். பழைய சூப்பர்சார்ஜரைக் கவனிக்க ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர். அவ்வாண்டு கிரஹாம் ஹில் நான்கு பந்தயங்களில் வென்று உலகச் சாம்பியன் ஆனார். அந்த எஞ்சினின் கொள்ளளவு, பழைய எஞ்சினைப் போலவே, 1.5 லிட்டர். சிலிண்டர்கள் பாதி, அதாவது எட்டு. ஆற்றல் 190 குதிரைத்திறன் அளவே; 16 சிலிண்டரின் குறிக்கோளில் மூன்றிலொரு பங்கு. விதி மாறியிருந்தது உண்மை. எதிரிகளும் அதே அளவினரே. ஆயினும் இவ்விரு எண்களையும் அருகருகே எழுதிவைத்துப் பாருங்கள்.

தோல்வியே வெற்றியின் படிக்கட்டு என்று சொல்லி இங்கே முடித்துவிடலாம். வரலாறு அப்படி முடியவில்லை. 1966இல் விதி மீண்டும் மாறி, மூன்று லிட்டர் எஞ்சின்களுக்கு இடம் தந்தது. பி.ஆர்.எம். என்ன செய்தது? தன் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டை அடுக்கிப் பற்சக்கரங்களால் இணைத்தது. மீண்டும் 16 சிலிண்டர். காகிதத்தில் அதுவும் நல்ல யோசனையே. கைவந்த உறுப்புகளையே இரட்டித்துக்கொள்ளலாம் அல்லவா? விளைந்ததோ மிகையான எடையும் அதிர்வும் முறிவும். உலகப் பட்டப் போட்டியில் அந்த எஞ்சின் வென்றது ஒரே முறை, அதுவும் பி.ஆர்.எம். காரில் அன்று. 1966 அக்டோபரில் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் பாதையில், லோட்டஸ் காரில் பொருத்தி ஜிம் கிளார்க் வென்றார். அவ்வாண்டுச் சாம்பியனான ஜாக் பிராபமோ, சாதாரண அமெரிக்கக் கார் எஞ்சின் ஒன்றின் உடலை அடிப்படையாக வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த எளிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினால் பட்டத்தை வென்றார். மிகவும் கவனிக்கத்தக்கது இது: 1966இல் அந்த 16 சிலிண்டரை முன்னின்று உருவாக்கியவரும் டோனி ரட்டே. முதல் எஞ்சினின் துன்பங்களை அருகிருந்து அனுபவித்தவர் அவர்.

தோல்வி தானாக எவருக்கும் பாடம் சொல்லித் தருவதில்லை என்பதே நான் இக்கதையிலிருந்து கண்டுகொண்டது. பாடம் நம்மால் பிரித்தெடுக்கப்பட வேண்டும், எழுதிவைக்கப்பட வேண்டும், அடுத்த கவர்ச்சியான யோசனை வரும்போது அந்த ஏட்டை மீண்டும் திறக்க வேண்டும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும், இல்லையேல் பெர்த்தனுக்கு நீதி செய்தவனாக மாட்டேன். 1977இல், அதே சில்வர்ஸ்டோனில், பிரான்சின் ரெனோ நிறுவனம் 1.5 லிட்டர் எஞ்சின் ஒன்றை மையவிலக்குக் காற்றழுத்தக் கருவியுடன் கொண்டுவந்தது. கருவியைச் சுழற்றியது எஞ்சினின் பற்சக்கரம் அன்று. வெளியேறும் புகையின் விசை. டர்போ என்று இன்று எல்லாரும் அறிந்திருப்பது அதுவே. அதுவும் முதலில் அடிக்கடி பழுதாகி நின்று நகைப்புக்கு இடமானது. ஆனால் அழுத்தம் மிகுந்தால் புகையை வேறு வழியில் திறந்துவிடும் வால்வு ஒன்று அதில் இருந்தது. பொங்கும் ஆற்றலுக்கு அது கடிவாளம். 1979இல் ரெனோ வென்றது. 1983இல் நான்கே சிலிண்டர் கொண்ட டர்போ எஞ்சின் உலகப் பட்டத்தை வென்றது. 1980களின் நடுவில் அந்த 1.5 லிட்டருக்குள் 1,000 குதிரைத்திறனுக்கும் மேல் எடுத்தார்கள். சிறிய எஞ்சினுக்குள் காற்றைத் திணித்துப் பேராற்றல் பெறலாம் என்று பெர்த்தன் கண்டது பொய்யன்று. அதை அடக்கி ஆளும் கருவியும், தாங்கும் டயரும், பொறுத்திருக்கும் மனமும் அவர் காலத்தில் அமையவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை எஞ்சின்களையும், பாலங்களையும், கணிப்பொறிகளையும், வேறு பலவற்றையும் வகுக்கப் போகிறவர்கள். பெரிதாக எண்ணுங்கள், அதில் தவறில்லை. எண்ணியதை உலகுக்கு அறிவிக்குமுன், அதன் உறுப்புகளுள் எவை புதியவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியது ஒன்றானால் துணிந்து இறங்கலாம். இரண்டானால் இருமுறை சோதியுங்கள். பதினாறானால், அறிவிப்பைத் தள்ளிவைத்துவிட்டு மீண்டும் வரைபலகைக்குச் செல்லுங்கள்.